அச்சோவியமும் சாமிப்படமும்

ஓர் உருவை ஒருமுறை செதுக்கி அதனைப் பன்முறை பதிக்கும் வழக்கம் அச்சுப்பொறியோடு பிறந்ததன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டப் பொதிகள்மீது சோழரின் புலியிலச்சினை பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிலும் அதனைச் சூழ்ந்த வயலூர்களிலும் மாடு வைத்திருந்தோர் தத்தமக்குரிய குறியை இரும்பிற் செய்து, காய்ச்சி, மாட்டின் தோலிற் சுட்டனர். இரும்பு ஒன்று, மாடு நூறு, குறி ஒன்றே. குறியைக் கண்டவன் உடையவனை அறிந்தான். நூறு மாடுகளின்மேற் காணப்பட்டமையால் அக்குறியின் மதிப்புக் குறைந்ததென்று எவரும் கருதவில்லை. பலவிடத்துக் காணப்படுதலே அதன் தொழிலாயிற்று.

ஓவியம் என்று வரும்போது மட்டும் நாம் வேறொரு நியாயம் பேசுகின்றோம். ஒன்றாய் இருப்பது உயர்ந்தது, பலவாய் இருப்பது தாழ்ந்தது என்ற எண்ணம் கற்றோரிடையே வேரூன்றிவிட்டது. கிழக்குக் கரையிலே எந்த வீட்டுக்குட் புகுந்தாலும் கண்ணிற் படுவன அச்சிட்ட படங்களே. பூசை அறையில் இலக்குமியும் சரசுவதியும் முருகனும். பக்கத்துக் கல்முனையில் முசுலிம் அன்பர் வீட்டு முன்கூடத்தில் மக்காவின் திருப்பள்ளியோ கண்ணாடிச் சட்டத்துள் அறபெழுத்தோ. நம் மக்களுட் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் உற்றுநோக்கிய ஓவியம் இவையே. எனினும், நம் பாடசாலைகளின் சித்திர வகுப்பிலே சிகிரியா ஓவியமும் சித்தன்னவாசல் ஓவியமும் பெறும் இடத்தில் நூற்றில் ஒரு பங்குதானும் இவற்றுக்குக் கிடைத்ததில்லை. 'அவை வெறும் படங்கள்' என்று தள்ளிவிடுகின்றோம். அவை நல்ல படங்களா, நல்லவை அல்லவாயின் எதனால் அல்ல, என்ற திறனாய்வுக்குரிய வினாக்கள் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அவ்வினாக்களைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் தொழின்முறையைச் சிறிது அறிதல் வேண்டும். அஃதறியாது கூறும் தீர்ப்பு இங்கே செல்லாது. பழைய வழிகள் மூன்று. ஒன்று மேட்டுப் பதிப்பு: மரக்கட்டையில் வேண்டாத இடங்களை உளியால் அகழ்ந்தெறிந்து, எஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, தாளை வைத்து ஒற்றுதல். மற்றது குழிப்பதிப்பு: செப்புத்தகட்டிற் கூரிய ஊசியாலோ அமிலத்தாலோ கோடுகளைக் குழித்து, குழிக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை மிக்க அழுத்தத்தோடு வைத்து மையை மேலே கொணர்தல். முன்னதில் எஞ்சியது பேசுகின்றது. பின்னதில் இழந்தது பேசுகின்றது. திரைத்துணியின் ஊடாக மை இழுக்கும் முறை பிற்காலத்தது. அதனை ஈண்டு விரிக்கவில்லை.

மூன்றாவது கல்லச்சு. இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். நம் வீட்டுச் சுவருக்கு வந்த படங்களின் தாய் இக்கல்லே. 1798 அளவில் மியூனிக் நகரில் அலோய்சு செனபெல்டர் என்பவர் இதனைக் கண்டார். பவேரியாவின் சோல்ன்கோபனில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் மிகச் சீரான மணியுடையது. அதன் முகத்தை மட்டமாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள கோலால் அதன்மீது வரைந்து, வேலம்பிசினும் சிறிது அமிலமும் கலந்த நீராற் பதப்படுத்துவர். பின்னர்க் கல்லை நனைத்தால், வரைந்த இடம் நீரை ஏலாது. வரையாத இடம் நீரை ஏற்கும். எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடம் மையை வாங்கும். நனைந்த இடம் மறுக்கும். மேடுமில்லை, குழியுமில்லை. எண்ணெயும் நீரும் ஒட்டா என்று நம் பாட்டிமார் உவமை கூறுவரே, அவ்வுண்மைதான் இங்கே ஒரு தொழிலாயிற்று. மரமும் செம்பும் கைக்கு எதிர்நிற்பன, கல்லோ எதிர்ப்பதில்லை. எழுதுகின்ற கையின் நெளிவு, தயக்கம், விரைவு அனைத்தையும் அவ்வாறே ஏற்று, ஆயிரம் தாள்களிற் சொல்லும். கல்லச்சின் பெருமை அதுவே. அதன் ஆபத்தும் அதுவே. எதிர்ப்பில்லாத பொருள் எதனையும் நடிக்க வல்லது.

அச்சுப்படத்துக்கு உள்ள அதிகாரம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. 1515ஆம் ஆண்டில் நம் பாரதத்துக் கூர்ச்சரத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலேறி இலிசுபன் நகரை அடைந்தது. செருமானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் அவ்விலங்கைக் கண்டாரல்லர். பிறர் எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் கொண்டு மரக்கட்டைப் பதிப்பொன்றை வெளியிட்டார். உடம்பெல்லாம் இரும்புக்கவசம் பூண்டாற்போன்ற தகடுகள். பிடரியில் இல்லாத ஒரு சிறு கொம்பு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்கள் அப்பொய்க்கொம்பைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தன. கண்ணாற் கண்டவர் சிலர். படத்திற் கண்டவர் பலர். பலர் கண்டதே உருவமென நிலைத்தது. இதனை மனத்திற்கொண்டே நம் தெய்வங்களின் படங்களுக்குச் செல்லல் வேண்டும்.

கிளிமானூரிற் பிறந்த இராசா இரவிவர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தில் மேனாட்டு முறையைக் கற்றுத் தேர்ந்து, அரண்மனைகளிற் புகழ்பெற்றவர். ஒரு படத்தை ஓர் அரசர் வாங்கினால் அரசரும் விருந்தினரும் மாத்திரமே காண்பர். படங்களை அச்சிற் பரப்புமாறு அவரைத் தூண்டியவர்களுள் திவான் சர் டி. மாதவராவ் ஒருவர். 1894இல் பம்பாயில் இரவிவர்மா அச்சகத்தை நிறுவினார். கற்களும் பொறிகளும் தொழில்வல்லாரும் செருமனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. கொள்ளைநோய்க் காலத்தின்பின் அச்சகம் உலோனாவலாவை அடுத்த மளவ்லிக்குப் பெயர்ந்தது. கடன்சுமையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு வேலைசெய்த செருமானியராகிய பிரிட்சு சிலெய்சரின் கைக்கு மாறியது. கைமாறிய பின்னும் படங்கள் நின்றில. பல பத்தாண்டுகள் அச்சாயின. 1972இல் தீயொன்று அக்கட்டடத்தை அழித்தது.

ஒரு படத்துக்கு ஒரு கல் போதாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். பத்துக்கும் மேற்பட்ட கற்கள் ஒரே தாளில் ஒன்றன்மேலொன்றாக, மயிரிழை பிறழாது இறங்கவேண்டும். தசையின் மென்னிழலைத் தோற்றுவிப்பதற்கு ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளைக் கையாற் கல்லில் இட்டனர். இறுதியில் மெருகெண்ணெய் பூசினர். சிலவற்றில் துணித்திரையின் இழைபோன்ற வரிகளையும் அழுத்தினர். இத்துணை உழைப்பும் எதன்பொருட்டு? இது கல்லில் அச்சானது என்பதை மறைத்தற்பொருட்டு. எண்ணெய் ஓவியம் என்று கண்ணை நம்பச்செய்தற்பொருட்டு.

இவ்விடத்தே நம் நாட்டவர் ஒருவரின் தீர்ப்பை எதிர்கொள்ளல் வேண்டும். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இரவிவர்மாவின் படங்களை நாடகத்தன்மை வாய்ந்தவையென்றும், தெய்வத்தை மானிட அளவுக்கு இறக்கியவையென்றும் கடிந்தார். கலைத்துறையில் அவர் கூறியதை எளிதில் மறுக்க எவர்க்கும் துணிவு வராது. அவர் கண்ட குறை உண்மையே. 1896இல் வரையப்பட்ட இலக்குமியை நோக்குக. தாமரைமேல் நிற்பவள் செல்வக்குடி மங்கை. புடைவையின் மடிப்பு, உடம்பின் கனம், நிழல் அனைத்தும் இவ்வுலகத்தன. நான்கு கைகளுள் இரண்டு எங்ஙனம் தோளிற் பொருந்தின என்று கண் வினவுகின்றது. செப்புத் திருமேனியைக் காணும்போது அவ்வினா எழுவதில்லை. உடம்பை உள்ளபடி வரைய முயன்ற கலையிலேதான் கூடுதற் கைகள் பொருந்தாமை புலப்படும்.

ஆயினும் குமாரசுவாமியின் தீர்ப்பில் ஒரு பகுதி விடுபட்டுள்ளதென்பது எம் கருத்து. 1908இல் வெளிவந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை அவர் வில்லியம் மொரிசின் பழைய கையச்சுப்பொறியிலே 425 படிகள் மட்டும் அச்சிட்டார். எழுத்தின் கருமை தாளில் அழுந்திய அழகை அறிந்தவர் அவர். அத்தகையார் இந்த ஒலியோகிராப் படங்களை ஓவியங்களாக மட்டும் கொண்டு குறைகூறினார். அச்சுக்களாகக் கொண்டு ஆராய்ந்திலர். ஆராய்ந்திருப்பின், குறை வேறோரிடத்தில் இருப்பதைக் கண்டிருப்பார். இவை மலிவானவை என்பதன்று குறை. யப்பானிய ஒகுசாய் 1831 அளவில் வெளியிட்ட பேரலைப் படமும் மலிவானதே. நகரத்து எளிய மக்கள் வாங்கும் கடைச்சரக்கே. ஓவியர், கட்டை வெட்டுவோர், பதிப்போர், விற்போர் எனப் பலர் கூடிச் செய்ததே. எனினும் அங்கே ஒவ்வொரு கோடும் கட்டையின் கோடு. நீலம் தட்டையான நீலம். தான் அச்சென்பதை அது நாணவில்லை. இரவிவர்மா அச்சகத்தின் படமோ தன் பிறப்பை மறைக்கின்றது. அதன் குறை அதுவே.

குறை இவ்வாறிருக்க, மக்கள் அதனை ஏன் விரும்பினர்? அறியாமையால் என்று கூறுவது சோம்பல். திருவிதாங்கூரிலே எல்லா இந்துக்களுக்கும் கோயில்கள் திறந்துவிடப்பட்டது 1936இல். யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததோ 1968இல். அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே சிலகாசு கொடுத்து ஒரு தாளை வாங்கியவன், கருவறைக்கு எதிரே நின்றறியாத தன் கண்களாலே தெய்வத்தின் முகத்தைத் தன் குடிசையிற் கண்டான். விளக்கு ஏற்றினான். யாருடைய இசைவையும் வேண்டி நிற்கவில்லை. அத்தாளில் நிழல்வாகு மேனாட்டதா, கீழ்நாட்டதா என்பது அவனுக்கு ஒரு பொருட்டா? தெய்வம் தன்னை நேரே நோக்குகின்றதா என்பதே அவன் கேட்டது. படங்களில் மிகப் பலவற்றில் தெய்வம் நம்மை நேரே நோக்குவது தற்செயலன்று. வாங்குவோர் வேண்டியதை வரைவோர் அறிந்திருந்தனர்.

தென்பாண்டி நாட்டுக் கோவிற்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராசு (1898–1976) அதனை மிக நன்றாக அறிந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்று, திருவண்ணாமலை இரமணாசிரமத்திற் சிலகாலம் இருந்து, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, பின் தேவி ஓவியக்கூடத்தை நடத்தினார். அவரும் அவர் மாணாக்கரும் எழுதிய தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகிக் கலண்டர்களாகக் கடல்கடந்தன. 1920களில் தீப்பெட்டித் தொழிலிற் புகுந்து, பெட்டிக்கு ஒட்டும் சிட்டையின் வழியே அச்சுத்தொழிலில் வளர்ந்த ஊர் சிவகாசி. கொண்டையராசுவின் படங்களிலே தெய்வத்தின் பின்னே தெரியும் மலையையும் அருவியையும் கூர்ந்து நோக்குங்கள்; அவை நாடகத் திரைச்சீலையே. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. இரவிவர்மாவைவிட இவர் தட்டையாகவும் ஒளியாகவும் எழுதினார். அதனால் அச்சுக்கு அண்மையில் வந்தார். தென்னிலங்கையில் எம். சார்லிசு (1880–1955) வரைந்து செருமனியில் அச்சான பௌத்தக் கதைப்படங்கள் சிங்கள மக்களின் வீடுகளிற் பெற்ற இடமும் இத்தகையதே.

இனி, நம் கரையில் நிகழ்ந்ததைக் காண்போம். தம்பிலுவிலும் காரைதீவும் உள்ளிட்ட பல ஊர்களிற் கண்ணகை அம்மன் வழிபாடு நம்முடைய தனிச்செல்வம். வைகாசித் திங்களிற் கதவு திறக்கும். சில நாட் சடங்கு நடக்கும். திருக்குளிர்த்தியோடு கதவு அடைபடும். ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம் அம்மன் அடைத்த கதவுக்கு அப்பாலே இருத்தல் பல கோயில்களின் மரபு. அம்மரபிலே காணாமை என்பது வழிபாட்டின் ஒரு பகுதி. முகம் எந்நேரமும் கிடைப்பதன்று, காத்திருந்து பெறுவது. அச்சுப்படத்தின் இயல்போ இதற்கு நேர்மாறு. அது கதவில்லாத கோயில். இரவும் பகலும் முகம் காட்டுவது.

இரண்டும் ஒரே வீட்டாரின் வாழ்வில் நெடுங்காலம் அமைதியாகவே இருந்தன. வீட்டிற் கலண்டர் இலக்குமி. கோயிலில் அடைத்த கதவு. ஆனால் டியூரரின் காண்டாமிருகத்துக்கு நேர்ந்தது இங்கும் மெல்ல நேர்ந்தது. புதிதாகச் சுவரோவியமோ கோபுரச் சுதையோ செய்யவேண்டி வந்தபோது, கைவினைஞர் கையிலே மாதிரியாக இருந்தது கலண்டரே. கண்ணகைக்கும் காளிக்கும் திரௌபதைக்கும் ஒரே வட்டமுகம், ஒரே இளஞ்சிவப்புக் கன்னம், ஒரே பம்பாய்ப் புடைவைக்கட்டு வந்து சேர்ந்தன. மதுரையை எரித்தவளும் செல்வம் சொரிபவளும் உடன்பிறந்த சகோதரிகள்போல் நிற்கின்றனர். கடலும் வாவியும் வயலும் சூழ்ந்த இந்நிலத்தின் தெய்வங்களுக்குப் பின்னே என்றும் பனிமலையே தெரிகின்றது. அச்சுப்படம் தெய்வத்தை எல்லார்க்கும் கொடுத்தது. கொடுக்கும்போது எல்லார்க்கும் ஒரே தெய்வமுகத்தைக் கொடுத்தது. முன்னதற்காக நன்றியுடையோம். பின்னது நம் இழப்பு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதே காலத்தில், இதே கல்லச்சை, நம் அயலவர் வேறுவிதமாகக் கையாண்டனர் என்பது பலர் எண்ணிப்பாராத செய்தி. தமிழை அறபு எழுத்திலே எழுதும் அறபுத்தமிழ் வழக்கு காயல்பட்டினம், கீழக்கரை முதல் கல்முனை, சம்மாந்துறை வரை பரந்திருந்தது. தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிதாக அமைத்தனர். ஈயத்தில் வார்த்த எழுத்துக்களை வரிசையிற் கோப்பதனால் அவ்வெழுத்தின் தொடர்ச்சி அறுபடும். கூட்டிய குறிகளுக்கு வார்ப்பும் எளிதிற் கிடையாது. கல்லச்சோ எழுத்தரின் கை எழுதியதை அவ்வாறே தாங்கும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறபுத்தமிழ் நூல்கள் பல கல்லில் அச்சாயின. கொழும்பிலே 1869இல் பாபா ஊனுசு சல்தீன் வெளியிட்ட 'அலாமத் இலங்காபுரி' என்ற மலாய்மொழிப் பத்திரிகையும் அறபெழுத்திற் கல்லச்சில் வந்ததே.

அத்தகைய பழம்பக்கம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது தன்னை வேறொன்றாகக் காட்டுவதில்லை என்பது தெளிவாகும். நாணற்கோலின் பட்டையும் மெலிவும், வரி முடிவில் இடம் போதாமல் எழுத்து மேலேறிய இடமும், ஓரத்திற் குறுக்காக எழுதிய உரையும், எழுதியவரின் மூச்சும் அங்கே உள்ளன. படமின்றியே அது சிறந்த அச்சோவியம். உருவத்தை எழுதாத மரபு கல்லின் உண்மையான இயல்பைக் கண்டுகொண்டது. உருவத்திற் பெருமைகொண்ட மரபு அதே கல்லை எண்ணெய் ஓவியமாக நடிக்கச்செய்தது. ஒரே கரையில், வேலிக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்ந்த இரு சமூகத்தார் வீடுகளில் இவ்விரண்டும் இருந்தன. இருபுறத்தாரும் மற்றவர் வீட்டுச் சுவரைக் கலைநோக்கோடு பார்த்தமை மிக அரிது.

அச்சின் பன்மையும் அச்சின் நேர்மையும் ஒன்றுகூடிய இடம் உண்டா? உண்டு. 1930இல் காந்தியடிகள் உப்புக்காக நடந்தபோது நந்தலால் போசு ஒரு லினோலியத் துண்டில் அவர் உருவை வெட்டினார். கருந்தாள்போன்ற பரப்பிலே வெண்கோடுகளால் ஆன ஒரு மனிதர்; கையில் நீண்ட கோல்; முன்வைத்த காலடி. நிழல்வாகு இல்லை, பின்னணி இல்லை. வெட்டிய கோடு வெட்டியபடியே நிற்கின்றது. எளிய உடை பூண்டவரை எழுதுதற்கு எளிய பொருளைக் கொண்டமை பொருத்தமாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த தாகூரின் வங்கமொழிச் சிறுவர் பாடநூலாகிய 'சகச் பாட'த்துக்கும் அவர் லினோ வெட்டுப்படங்கள் அளித்தார். ஒரு நாட்டின் பெருங்கலைஞர் பாலர் வகுப்பு நூலுக்குக் கட்டை வெட்டினார் என்பதை நம் பாடநூற் குழுவினர் நினைவிற்கொள்வாராக.

மற்றொன்று துயரத்திற் பிறந்தது. செருமானியக் கலைஞர் கேதே கொல்விட்சின் இளைய மகன் பீட்டர் 1914 ஒக்டோபரில் பெல்சியப் போர்க்களத்தில் இறந்தான். அத்துயரைச் செப்புத்தகட்டிலும் கல்லிலும் கொணர அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் முயன்றார், மனம் நிறைவுறவில்லை. 1920இல் ஏர்ணசுட்டு பர்லாக்கின் மரவெட்டுப் படங்களைக் கண்டபின் மரத்துக்கு மாறினார். 'போர்' என்னும் ஏழு மரவெட்டுப் படங்கள் அதன் பயன். அவற்றுள் ஒன்றில் தாய்மார் ஒருவரையொருவர் கட்டியணைத்து வட்டமாக நிற்கின்றனர். அவர்களின் கைகளுக்கிடையே குழந்தைகளின் முகங்கள் எட்டிப்பார்க்கின்றன. உடம்புகள் தனித்தனியே தெரியவில்லை. எல்லாம் ஒரே கருங்கட்டி. கண், கை, முகம் மாத்திரம் வெளியே வெட்டப்பட்டுள்ளன. அகழாது விட்ட மரமே அத்தாய்மாரை ஒன்றாக்கிற்று. செம்பிலோ கல்லிலோ இது கைகூடாது. அழகிய நிழலுக்கு இங்கே இடமில்லை; நிழல் துயரை இனிமையாக்கிவிடும்.

இப்படத்தை வீரமுனையார் எவரும் அயல்நாட்டுப் படமாகக் காணமாட்டார். 1990 ஓகஸ்ட் 12ஆம் நாள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு நீங்கினர். 2004 திசெம்பர் 26இல் கடல் எழுந்து கல்முனை, காரைதீவு முதலிய கரையூர்களை அழித்தபோது சாதி, சமயம் பாராது வீடுகளோடு சுவர்ப்படங்களும் போயின. சாமிப்படம் மறுமாதமே கடையிற் கிடைத்தது. அது பலவாக இருப்பதன் நன்மை. ஒரேயொரு படியாக இருந்த குடும்பப் புகைப்படமோ மீளவில்லை. ஒன்றாய் இருப்பதே உயர்ந்ததென்போர் இதனையும் எண்ணிப்பார்த்தல் தகும். இந்நிகழ்ச்சிகளைப் பற்றி நம்மிடத்தே கவிதை உண்டு, கதை உண்டு, புகைப்படமும் உண்டு. கட்டையில் வெட்டி, ஐம்பது தாளில் ஒற்றி, ஐம்பது வீட்டுச் சுவரில் தொங்கவிடத்தக்க ஓர் உருவத்தை நம் ஊர்க் கைகள் இனித்தான் செய்யவேண்டும்.

கைத்தொலைபேசியிலே கணமொன்றுக்கு ஆயிரம் படங்கள் பறக்கும் இக்காலத்தில் கட்டை வெட்டுவது எதற்கு என்று மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விரைவிலும் தொகையிலும் அச்சோவியம் இனி எதனோடும் போட்டியிடமாட்டாது. அது தருவது வேறு. வெட்டப்பட்ட கோடு திரும்ப ஒட்டாது. ஆகவே வெட்டுமுன் எண்ணவேண்டும். கருமை ஒன்று, வெண்மை ஒன்று. இடைநிறத்தில் ஒளிந்துகொள்ள வழியில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்ற தீர்ப்பை ஒவ்வோர் அங்குலத்திலும் கை கூறவேண்டும். திறனாய்வு கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் யாம் அறியோம். செலவும் பெரிதன்று: ஒரு லினோலியத் துண்டு, இரண்டு உளி, ஓர் உருளை, அச்சுமை, தாள். அழுத்தும் பொறி இல்லையெனில் வட்டக் கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்தாலும் படம் இறங்கும். தமிழெழுத்தை வெட்டுவோர் அதனை இடவலம் மாற்றி வெட்டவேண்டும். 'ழ'கரத்தைக் கண்ணாடியிற் காண்பதுபோல் எழுத முயலும் மாணவன், அதுகாறும் தான் அவ்வெழுத்தைச் செவ்வையாகப் பார்த்ததேயில்லை என்பதை உணர்வான்.

அச்சோவியர் பலர் படத்தின் அடியிலே மூன்றின் கீழ் இருபது என்றாற்போல எண்ணிடுவர். இருபது படிகளுள் இது மூன்றாவது என்பது பொருள். இருபது முடிந்ததும் தகட்டைக் கீறி அழிப்பாரும் உளர். இது வணிகர் புகுத்திய வழக்கம். பலவாதற்கென்றே பிறந்த ஒன்றை அரியதாக்கி விலையேற்றும் சூழ்ச்சி என்றே எமக்குத் தோன்றுகின்றது. செம்பின் நுண்கோடுகள் சில நூறு பதிப்பிலேயே தேய்ந்துவிடும் என்பது மெய்யே; அங்கே எல்லையிடுதற்குக் காரணமுண்டு. லினோவுக்கும் மரத்துக்கும் அத்துணைக் கட்டுப்பாடு எதற்கு?

வீட்டிலுள்ள படங்களை ஆராய விரும்பும் மாணவர்க்குப் பெரிய கருவி வேண்டா; பௌதிகக்கூடத்து உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று போதும். அண்மைக் காலக் கலண்டரில் நீலம், மசெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காகச் சிறு பூக்கள்போல் அடுக்கியிருக்கும். அது புகைப்பட முறையான ஒவ்செற் அச்சு. புள்ளிகள் ஒழுங்கின்றி, பெரிதும் சிறிதுமாய், பலநிறமாய்க் கலந்து கிடப்பின், அது கையாற் கல்லில் எழுதியது. ஓரத்தில் ஒரு நிறம் சற்றே விலகி மயிரிழை வெளியே நிற்கின்றதா என்று பாருங்கள். கற்களுள் ஒன்று அன்று இடம் பிசகியதற்கு அது சான்று. பூசை அறையிலே பாட்டனார் காலந்தொட்டுப் புகைபடிந்து தொங்கும் இலக்குமியின் கன்னத்தில் அத்தகைய புள்ளிகள் தெரியுமாயின், படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள், துடைக்கவும் வேண்டா. வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள்.